மாமிக்கு நான் சொன்ன முடிவு

கதவு திறக்கிறது. வெளியே தாடி வளர்த்த ஒரு மனிதன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். உள்ளே நிற்கும் தாய் அவன் முகத்தைப் பார்க்கிறாள். கையைத் தூக்கி அவன் கன்னத்தைத் தொடுகிறாள். அவன் ஏதோ சொல்கிறான். அவள் அவன் மார்பில் சாய்ந்து அழுகிறாள். இசை எழும்புகிறது, படம் முடிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவல் ஒன்றை வைத்து ஹொலிவூட்காரர் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் அது. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் யாராவது தேடிப்பிடித்துப் பார்ப்பீர்கள். அந்த மனிதன் உண்மையில் என்ன சொன்னான் என்பது தெரிந்துவிடும். அதை நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அந்தப் படத்தை நான் பார்த்தது என் மாமியோடு. என் கணவரின் தாய். மன்னார்க்காரி, கத்தோலிக்கர், தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவர். போர் முடிந்து சில வருடங்களின் பின் நாங்கள் அவரை ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டு, வோபர்னில் ஒன்பதாம் மாடியில் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டில் வைத்துக்கொண்டோம். வந்து இறங்கிய முதல் வாரமே என் புட்டைக் கையால் உதிர்த்துப் பார்த்து, “பிள்ளை, உதை ஆரும் எறிஞ்சா மண்டை உடையும்” என்றார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அப்படித்தான் எங்களுக்குள் தொடங்கியது. பெற்ற தாயோடுகூட நான் அவ்வளவு சண்டை பிடித்ததில்லை, அவ்வளவு கதைத்ததும் இல்லை.

மாமிக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவர் என் கணவர். இளையவரை மாமி சின்னவன் என்பார். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். போரின் கடைசி நாட்களில் எல்லாரும் கடற்கரையிலிருந்து இராணுவத்தின் பக்கம் வந்தபோது, இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்கள் என்றாலும் வந்து பதியச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதற்கு முன் இயக்கம் சின்னவனைச் சண்டைக்கென்று பிடித்துக்கொண்டுபோய் மூன்று மாதம் வைத்திருந்தது. பதுங்குகுழி வெட்டியதைத் தவிர அவன் வேறொன்றும் செய்யவில்லை. அவனுக்குப் போக விருப்பம் இல்லை. சனத்துக்குள் சனமாக நிற்கலாம் என்றான். மாமிதான், “ஒளிச்சுப் பிடிபட்டாத்தான் கரைச்சல், போய்ப் பதிஞ்சிட்டு வா ராசா” என்று சொல்லி, பாதிப் போத்தல் தண்ணீரையும் கையில் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஒரு சிப்பாய் தமிழிலேயே சொன்னானாம். அந்த பஸ் போனதுதான். பிறகு எந்த முகாமிலும் எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் வரவில்லை.

இதை மாமி எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னார். வெங்காயம் உரித்துக்கொண்டு சொன்னார், அழுகைக்கு ஒரு சாட்டு இருக்கட்டும் என்றோ என்னவோ. தன் வாயால் சொல்லி அனுப்பியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று எனக்கு அப்போது விளங்கியது.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். நவம்பர் மாதம் எங்களுக்கு இறந்தவர்களின் மாதம்; உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவம் கழியக் காத்துக்கிடக்கும் ஆத்துமாக்களுக்காக மன்றாடும் மாதம். கோயிலில் ஒரு கடித உறை தருவார்கள். வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை அதற்குள் எழுதிக் கொடுத்தால், மாதம் முழுவதும் பீடத்தின் கீழே வைத்துப் பூசையில் ஒப்புக்கொடுப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பெயர்களையும் சத்தமாக வாசிப்பார்கள். மாமிக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், அதனால் ஒவ்வொரு வருடமும் அவர் சொல்ல நான் எழுதுவேன். மாமா, மாமியின் அக்கா, பிறந்து நாற்பது நாளில் போன ஒரு பெண்குழந்தை. மூன்று பெயர். நாலாவது பெயர் வரவேண்டிய இடத்தில் மாமி நிறுத்திவிடுவார். என் கணவருக்கு அதில் தீராத மனஸ்தாபம். “அவனுக்கு ஒரு பூசையாவது வைச்சு விடுவம் அம்மா, எத்தினை வருஷம்” என்பார். மாமி எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

அது மாமியின் பிடிவாதம் என்று கணவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு நவம்பர் தொடக்கத்தில், வெள்ளிக்கிழமை பின்னேரம், கணவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மாமி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினார். “உயிரோட இருக்கிறவனுக்குச் செத்தவையின்ர பூசை வைச்சா அவனை நானே கொன்ற மாதிரி. செத்துப்போனவனுக்கு வையாமல் விட்டா, உத்தரிக்கிற ஸ்தலத்தில என்ர பிள்ளை ஆருமில்லாமல் கிடப்பான். ரெண்டில ஏதோ ஒரு பாவத்தை நான் ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருக்கிறன். எந்தப் பாவம் எண்டுதான் தெரியேல்லை” என்றார். பிறகு அவரே, “இந்த முறை சின்னவன்ர பேரையும் எழுதுவம். ஞாயிறு இரவுக்குள்ள எழுதித் தா” என்றார். உறையை எடுத்துத் தொலைக்காட்சிக்கு மேலே வைத்தோம். கணவரிடம் நான் சொல்லவில்லை. மாமியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு பெரிய நிம்மதி வந்தது. வீட்டில் ஒரு பாரம் இறங்கப்போகிறது என்று நினைத்தேன்.

என் வேலையையும் இங்கே சொல்லியாகவேண்டும். நான் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரியில், அகதி விசாரணையில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், ஆங்கிலம் தெரியாத எங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் இருந்து சொல்வதைச் சொன்னபடி மாற்றிச் சொல்வது. ஒரு சொல்லும் கூட்டமாட்டேன், ஒரு சொல்லும் குறைக்கமாட்டேன் என்று கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டுத்தான் தொடங்குவேன். மாமிக்கு இதில் பெரிய பெருமை, புளுகம். “கவுண்மென்ற்காரரே இவளின்ர வாயைத்தான் நம்பியிருக்கினம்” என்று ஜெபமாலைக் கூட்டத்துப் பெண்களிடம் சொல்வார். என் புட்டை மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, தொலைக்காட்சியில் போகும் பழைய ஆங்கிலப் படங்களை நாங்கள் இருவரும் பார்ப்போம். மாமிக்குக் கறுப்பு வெள்ளைப் படம்தான் பிடிக்கும். “உவையள் எண்டாலும் ஒழுங்கா உடுத்திருக்கினம்” என்பார். வலது காது மந்தம் என்பதால் நான் இடது பக்கம் இருக்கவேண்டும். படத்தில் யாராவது வாயைத் திறந்தால் மாமி என் முழங்கையைத் தட்டி, “என்னவாம்?” என்பார். நான் சொல்வேன். சில நேரம் நடிகர் ஒரு நிமிடம் பேசியதை நான் நாலு சொல்லில் முடித்தால், “அவ்வளவு நேரம் கதைச்சவர், உவ்வளவுதானோ?” என்று சந்தேகப்படுவார்.

அந்த ஞாயிறு இந்தப் படம் வந்தது. பிரெஞ்சு நாவலை வைத்து எடுத்ததாம் என்று தொடக்கத்தில் போட்டதை நான் வாசித்துச் சொன்னேன். மாமியின் தங்கை பாரிஸில் இருப்பவர், தொலைபேசியில் பின்னால் கேட்கும் பிரெஞ்சு மாமிக்குப் பழக்கம். “பிரான்ஸ்காரர் எண்டால் ஏன் இங்கிலிஷ் கதைக்கினம்?” என்று கேட்டார். “அமெரிக்கன் எடுத்தா எல்லாரும் இங்கிலிஷ்தான் மாமி” என்றேன். கடலோரம், உப்பளம், வெள்ளைக் குவியல்கள். மாமி நிமிர்ந்து இருந்தார். “உது எங்கட உப்பளம் மாதிரியெல்லோ கிடக்கு.” உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெடியனை, ஊரில் நடந்த கலகத்தில் பெயர் அடிபட்டது என்று இராணுவம் கேட்டு வருகிறது. தாய் அவனைப் போகச் சொல்கிறாள். நீ பிழை செய்யவில்லை, போய்ச் சொல்லிவிட்டு வா என்கிறாள். அதைத் தமிழில் பாதி சொல்லும்போதே ரிமோட்டைக் கையில் எடுத்தேன். வேறு சனலுக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன். மாமி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “விடு” என்றார். அதற்குப் பிறகு ஒரு முறையும் முழங்கையைத் தட்டவில்லை. பிடித்த பிடியை விடாமலே, “என்னவாம், என்னவாம்” என்று கேட்டார்.

தாய் கோட்டை வாசலுக்கு நடக்கிறாள், அதிகாரிகளின் காலில் விழுகிறாள், தலை நரைக்கிறது. பிறகு அந்தக் கதவு தட்டப்படுகிறது. தாடிக்கார மனிதன் சொன்னது இது: அம்மா, நான் உங்கள் மகன் இல்லை, அவனோடு ஒரே அறையில் கிடந்தவன், போன மாரியில் என் மடியில்தான் இறந்தான், உங்களிடம் வந்து சொல்லச் சொன்னான். தெளிவான ஆங்கிலம். படித்த எந்தப் பிள்ளையும் மாற்றிச் சொல்லக்கூடிய ஆங்கிலம்.

“என்னவாம்?” என்றார் மாமி. அவருடைய நகம் என் தோலில் பதிந்திருந்தது. திரையில் தாய் அந்த மனிதனைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“நான் வந்திட்டன் அம்மா எண்டு சொல்லுறான்” என்றேன்.

இரக்கத்தில் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. பயத்தில் சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மற்றதைச் சொல்ல எனக்குத் துணிவு இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத மனிதர்களிடம் புற்றுநோய் என்று அட்சரம் பிசகாமல் சொல்லியிருக்கிறேன். சொந்த வீட்டு சோபாவில், ஒரு படத்தின் ஒரு வசனத்தைச் சொல்ல முடியவில்லை.

மாமி நெடுநேரம் அழுதார். பிறகு முகம் கழுவி வந்து, தொலைக்காட்சிக்கு மேலே இருந்த உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். “மூண்டு பேர்தான். எழுது.” நான், “மாமி, அது படம்” என்றேன். “படம்தான். புத்தகமா வந்த கதையெண்டு நீதானே சொன்னனீ? நடக்காததை ஒருத்தன் இருந்து புத்தகமா எழுதுவானே?” என்றார். அந்த நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். மூன்று பெயரையும் எழுதி, உறையை ஒட்டினேன்.

அதன் பிறகு மாமி மாறிவிட்டார். அதுவரை ஒரு பக்கமும் சாயாமல் நின்றவர் முற்றாக ஒரு பக்கம் சாய்ந்தார். நாங்கள் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ரூஜ் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகளைப் பார்த்து, ஒன்றை வாங்க எல்லாம் சரிவந்த நேரத்தில், தான் வரமாட்டேன் என்று இருந்துவிட்டார். காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகங்களுக்கெல்லாம் கொடுத்திருந்தது வோபர்ன் விலாசம். “விலாசம் மாறினா அவன் எங்க வந்து கதவைத் தட்டுறது?” என்றார். வீடு கைவிட்டுப் போனது. என் பிள்ளைகள் இருவரும் வளர்ந்து ஆளாகும்வரை ஒரே அறைக்குள் சண்டை பிடித்தார்கள். கணவர் தாயோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. நான் நடுவில் இருந்து இருவரையும் சமாதானப்படுத்தினேன், நல்ல மருமகள் என்று பெயரும் வாங்கினேன்.

அதோடும் நிற்கவில்லை. மாமி அந்தப் படத்தை ஜெபமாலைக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். ஒருநாள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியைச் சேர்ந்த ஓர் அன்ரி, கணவனைத் தேடிக்கொண்டிருப்பவர், பஸ் தரிப்பில் என்னை மறித்தார். “பிள்ளை, அந்த உப்பளத்துப் படத்தை எங்க எடுக்கலாம்? மகளுக்குக் காட்டவேணும். அவள் தகப்பனுக்குத் திவசம் மாதிரி ஒரு பூசை ஒழுங்குபண்ணுறாள். நான் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்” என்றார். அந்த மகள் சிறு வயதிலேயே இங்கே வந்து படித்தவள். ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. படத்தைப் பார்த்தால் என் கதை முடிந்தது. “அது பழசு அன்ரி, இப்ப ஒரு இடமும் இல்லை” என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். முதல் பொய்யை மாமியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். இதை என் முகத்தைக் காப்பாற்றச் சொன்னேன்.

அந்த வாரம்தான் நூலகத்தில் அந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. நாவலில் உண்மையிலேயே மகன் வருவான், நான் சொன்னது எப்படியோ சரியாகிவிடும் என்ற ஒரு நப்பாசை இருந்திருக்கலாம். கடைசி அத்தியாயத்தை வாசிகசாலை மேசையிலேயே வாசித்தேன். நாவலில் ஒருவரும் வருவதில்லை. தாடிக்காரன் என்று ஒரு பாத்திரமே கிடையாது. கதவை ஒருவரும் தட்டுவதில்லை. தாய் மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே ஒரு மாசி மாதத்தில் செத்துப்போகிறாள். அவ்வளவுதான். பார்க்க வருகிற சனத்துக்கு அது பொறுக்காது என்று ஹொலிவூட்காரர் ஒரு நண்பனை உண்டாக்கி, செய்தி சொல்ல அனுப்பியிருக்கிறார்கள். தாய்க்கு ஒரு முடிவாவது கிடைக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். நான் அதற்கும் மேலே போய் மகனையே கூட்டிவந்துவிட்டேன். நாவலை எழுதியவர் ஒருவர்தான் எங்கள் மாமியை அறிந்திருந்தார்.

ஏழு வருடம் மாமி அந்த நம்பிக்கையோடு இருந்தார். ஏழு நவம்பர், ஏழு உறை, மூன்று மூன்று பெயர். இந்த வருடத் தொடக்கத்தில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. ஆஸ்பத்திரியில் வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று மாமி அடம்பிடித்ததால் டொக்டர் சொன்னதை நான்தான் சொன்னேன். இனி ஒன்றும் செய்ய முடியாது, வாரக் கணக்குத்தான் என்றார் டொக்டர். அப்படியே சொன்னேன். மாமி என் கையைத் தடவி, “நீ கூட்டிக் குறைச்சுச் சொல்லமாட்டாய். அதுதான் உன்னட்டக் கேட்டனான்” என்றார். என் தொண்டைக்குள் ஏழு வருடமாக நின்ற வசனம் நாக்குவரை வந்தது. பக்கத்துக் கட்டில்காரருக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள், தட்டுச் சத்தம் கேட்டது, மாமி கண்ணை மூடிக்கொண்டார். நான் மறுபடியும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, “நான் இல்லாட்டியும் அவனை விட்டிடாதேங்கோ” என்றார். அதுதான் எனக்கு அவர் கடைசியாகச் சொன்னது. ஒரு மாசி மாதத்தில், பனி கொட்டிக்கொண்டிருந்த காலையில் போனார்.

நவம்பர் வந்தது. உறையைக் குசினி மேசையில் வைத்துவிட்டுக் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படம், தாடிக்காரன், வெள்ளிக்கிழமை மாமி சொன்னது, நாவல், அன்ரி. அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். “அப்ப அம்மா எழுதுறதெண்டு மனம் வைச்சவவோ?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அவர் எழும்பிப்போய் பல்கனியில் நின்றார்.

சனிக்கிழமை அந்த உறையைத் தனியே இருந்து எழுதினேன். மாமா, அக்கா, குழந்தை. நாலாவதாக மாமியின் பெயர். ஐந்தாவதாகச் சின்னவனின் முழுப்பெயர், ஞானஸ்நானப் பெயரும் சேர்த்து. மாமி அந்த வெள்ளிக்கிழமை எழுதச் சொன்னதை இப்போதாவது எழுதுகிறேன் என்று நினைத்தேன். கணவர் இத்தனை வருடமாக வற்புறுத்தியதும் இதைத்தான். ஒரு பிழையான மொழிபெயர்ப்பைத் திருத்துகிறேன் என்ற எண்ணம். ஒரு எழுத்தும் கோணாமல் எழுதி, உறையை ஒட்டினேன். அதை இன்றைக்கு நினைக்க எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

பெயர்கள் வாசித்த ஞாயிறு கோயில் நிரம்பியிருந்தது. சுவாமியார் வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் வாசித்துக்கொண்டு போனார். மாமியின் பெயர் வந்தபோது கணவர் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த பெயரும் வந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பெயர்ப் பட்டியல் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே எழும்பி, அதே மர வாங்கில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டி வெளியே போனார்.

நான் போனபோது காருக்குள் இருந்தார். எஞ்சினைப் போடவில்லை, கண்ணாடியெல்லாம் புகார் பிடித்து மங்கியிருந்தது. பக்கத்தில் ஏறி இருந்தேன்.

“ஆரைக் கேட்டு எழுதினனீர்?” என்றார்.

“நீங்கள்தானே ஒவ்வொரு வருஷமும் எழுதச் சொன்னனீங்கள்” என்றேன்.

“நான் சொல்லுவன். அம்மா விடமாட்டா எண்டு தெரிஞ்சுதானே சொன்னனான்.” கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குள் மணி அடித்தது; எல்லாரும் முழங்காலில் நிற்கும் நேரம். பிறகு, யாரிடமோ கேட்பதுபோல, “அம்மாவும் போயிட்டா. இனி ஆர் அவன்ர வழி பாத்துக்கொண்டிருக்கிறது?” என்றார்.